அச்சும் மூச்சும்

"வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்யலாமே" என்பது நம் ஊரில் பெண்களுக்குத் தாராளமாக வழங்கப்படும் யோசனை. ஊறுகாய் போடலாம், அப்பளம் இடலாம், தையல் மெஷின் வாங்கிப் போடலாம், டியூஷன் எடுக்கலாம். இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே சிறியவை. பிள்ளை அழுதால் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகக்கூடியவை. விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் மறைத்துவிடலாம். ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே எட்டடி உயர யானையைச் செய்யப்போகிறேன் என்றால் யோசனை சொன்னவர்களே திகைத்துப் போவார்கள்.

என்னிடம் முதுகலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி அதைத்தான் செய்கிறாள். மதுரைக்கு வெளியே, இரண்டு அறையும் ஒரு முன்கூடமும் உள்ள வீடு. கல்யாண மண்டப வாசலில் நிறுத்தும் ஃபைபர் யானை, மேடைத் தூண், தோகை விரித்த மயில் ஆகியவற்றுக்கான அச்சுகளை அங்கே உருவாக்குகிறாள். ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்: "மேம், எல்லாத்துக்கும் ஒரு கருத்து சொல்வீங்களே. வீட்டுக்குள்ள வச்சு இத செய்றது சரியா? அதச் சொல்லுங்க." முடியுமா என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். லாபமா என்றும் கேட்கவில்லை. சரியா என்று கேட்டாள். இலக்கணத்திலிருந்து வாழ்க்கைவரை அந்தச் சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறேன். இந்த முறை அதற்குப் பதில் சொல்ல எனக்குச் சில வாரங்கள் ஆயின.

அச்சு எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அறம் பற்றிய கேள்வி அந்தச் செய்முறைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ முழு யானையையும் மாதிரியாகச் செய்கிறார்கள். அதன் மேற்பரப்பை வழவழப்பாக்குவதற்கே பல நாட்கள் போகும். மாதிரியில் ஒரு கீறல் இருந்தால் அச்சிலும் அது இருக்கும், அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு யானையிலும் இருக்கும். பிறகு மெழுகு பூசித் துடைக்கிறார்கள், ஒருமுறையல்ல, ஐந்தாறு முறை. யானைக்குத் தும்பிக்கையும் மடிப்பும் இருப்பதால் ஒரே துண்டு அச்சு போட்டால் மாதிரி அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். எனவே எங்கெங்கே பிரியும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கோடுகளில் சிறு சுவர் எழுப்பி, துண்டு துண்டாக வார்க்கிறார்கள். துண்டுகளின் ஓரங்களைப் பிறகு போல்ட் போட்டு இணைப்பார்கள். மெழுகின் மேல் முதலில் ஜெல்கோட். அது இறுகியதும் ரெசினில் ஹார்டனர் கலந்து, கண்ணாடி இழை மேட்டை வைத்து, பிரஷ்ஷால் குத்திக்குத்தி நனைத்து, ரோலரால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுகிறார்கள். எல்லா அடுக்கையும் ஒரே நாளில் ஏற்றிவிட முடியாது. ரெசின் இறுகும்போது சூடு கிளம்பும். அவசரப்பட்டால் அச்சு கோணிவிடும். பொருளைவிட அச்சு கனமாக இருக்க வேண்டும், வளையக் கூடாது. அதனால் கழற்றுவதற்கு முன்பே வெளிப்பக்கம் இரும்புக் குழாயோ மரச்சட்டமோ வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கடைசியில் ஓரங்களில் ஆப்பு செருகி மெல்லப் பிரிக்கும்போது, மாதிரி பெரும்பாலும் உடைந்துபோகும். மிஞ்சுவது அச்சு மட்டுமே.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பவர்கள் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஒரு மெழுகு உரு, ஒரு மண் அச்சு, ஒரே ஒரு சிலை. ஃபைபர் வேலையில் இது தலைகீழ். அச்சு நிலைக்கிறது. ஒன்றிலிருந்து பத்து, இருபது, ஐம்பது யானைகள் பிறக்கின்றன. ஆகவே இந்தத் தொழிலில் அச்சு வைத்திருப்பவர்தான் முதலாளி. அவள் கணவன் கூலிக்குப் போன பட்டறையில் அவளும் இரண்டு வருடம் வேலை செய்தாள். அங்கே பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது உப்புத்தாள் தேய்ப்பதும் பெயின்ட் அடிப்பதும்தான். அச்சுப் பக்கம் பெண்கள் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கணவனின் கையைப் பார்த்துப் பார்த்து அவள் கற்றுக்கொண்டாள். "அச்சு என்னோடதுன்னா யானை என்னோடது மேம்" என்று அவள் சொன்னபோது, உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றி நான் படித்த பல பக்கங்கள் ஒரு வரியில் அடங்கிவிட்டன.

ஏன் வீட்டில்? கொட்டகை வாடகை கட்டுப்படியாகாது. மூன்று வயதுப் பிள்ளை. இரவில்தான் கை ஓயும். இரவில் ஒரு பெண் தனியாகத் தொழிற்பேட்டையில் இருக்க முடியாது. பெரியதாக எதையும் செய்ய அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அவள் வீடுதான்.

இனி, ரெசின். பாலியெஸ்டர் ரெசினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது. ரெசினை இளக்கமாக வைத்திருப்பதும், இறுகும்போது வலையாகப் பின்னிக்கொள்வதும் அதுதான். அதில் ஒரு பகுதி வேலை நடக்கும்போதே ஆவியாகிவிடுகிறது. தலைவலி, கண் எரிச்சல், மயக்கம் ஆகியவை உடனே தெரியும் விளைவுகள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018இல் ஸ்டைரீனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. கடையில் வாங்கும் துணி மாஸ்க் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மூக்கும் ஏமாற்றும். மிகக் குறைந்த அளவிலேயே வாடையைக் கண்டுபிடிக்கும், சற்று நேரத்தில் பழகிப்போய் வாடையே இல்லை என்று சொல்லும். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் தரையோரம் தேங்கக்கூடியது. நம் வீடுகளில் தரையோரம் இருப்பவர்கள் யார்? பாய் விரித்துப் படுக்கும் கிழவியும் தவழும் பிள்ளையும்.

அரிஸ்டாட்டில் விலங்குகளின் பிறப்பைப் பற்றி எழுதும்போது, ஆண் வடிவத்தைத் தருகிறான், பெண் வெறும் பொருளைத் தருகிறாள் என்றார். அதற்கு அவர் காட்டிய உவமை தச்சன். தச்சனிடமிருந்து எந்தப் பொருளும் மரத்துக்குள் போவதில்லை, அவனுடைய வடிவம் மட்டுமே போகிறது என்பது அவர் வாதம். பெண்ணை மண்ணாகவும் ஆணைக் குயவனாகவும் பார்க்கும் இந்த எண்ணத்தைப் பெண்ணியர்கள் பலமுறை கேள்வி கேட்டிருக்கிறார்கள். நம்மிடமும் "அப்பனை அச்சில் வார்த்த மாதிரி இருக்கான்" என்றொரு பேச்சு உண்டு. வார்த்த பாத்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நான் இங்கே இன்னொரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன். தச்சனிடமிருந்து மரத்துக்குள் எதுவும் போவதில்லை, சரி. மரத்திலிருந்து தச்சனுக்குள் எதுவும் போவதில்லையா? மரத்தூள் அவன் மார்புக்குள் போகவில்லையா? செய்பவன் பொருளுக்கு வெளியே, மேலே, பாதுகாப்பாக நிற்கிறான் என்ற கற்பனையில்தான் அந்தத் தத்துவம் நிற்கிறது. ரெசின் பிசையும் எந்தப் பெண்ணுக்கும் அது பொய்யென்று தெரியும். அவள் யானைக்கு வடிவம் கொடுக்கும்போதே யானையின் பொருள் அவள் நுரையீரலில் இடம் பிடிக்கிறது. விறகடுப்பு ஊதிய நம் பாட்டிகளுக்கும் அது தெரிந்திருந்தது. வீட்டுக்குள் நச்சுக்காற்றோடு இயங்கிய முதல் பட்டறை சமையலறைதான். சோறு வெந்தது, கண் கலங்கியது. அதை யாரும் தொழில் என்று அழைக்காததால் தொழில்நோய் என்றும் அழைக்கவில்லை.

வேலையிடங்களில் இத்தகைய ஆவிகளுக்கு ஓர் உச்ச அளவு குறிக்கப்படுகிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு விதிகளில் ஸ்டைரீனுக்கு அது எட்டு மணி நேரச் சராசரியாக 100 பிபிஎம். எண்ணைவிட அந்த "எட்டு மணி நேரம்" முக்கியமானது. வேலை செய்பவர் வயதுவந்தவர், எட்டு மணி நேரம் ஆவியில் நிற்பார், பிறகு வெளியேறுவார், மிச்சம் பதினாறு மணி நேரம் நல்ல காற்றில் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதுதான் அந்தக் கணக்கு. அந்தப் பதினாறு மணி நேரத்துக்கு என்ன பெயர்? வீடு. பட்டறையின் பாதுகாப்புக் கணக்கில் வீடுதான் மருந்து. பட்டறையே வீட்டுக்குள் வந்துவிட்டால் மருந்து தீர்ந்துபோகிறது. குழந்தைக்கு எட்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் என்ற பிரிவே கிடையாது. அந்தக் கணக்கில் குழந்தை சேர்க்கப்படவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். பல பத்தாண்டுகளாக நம் தொழிற்கூடங்களுக்கு வரம்பு வகுத்துவந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. அதன் 85ஆம் பிரிவு, அதைவிடச் சிறிய இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. உடனே ஒரு விலக்கையும் வைத்தது: உரிமையாளர் தன் குடும்பத்தாரின் உதவியோடு மட்டும் நடத்தும் இடத்துக்கு அப்படி நீட்டிக்க முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவேலைத் தொழில் பற்றி 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. செய்திருந்தாலும் அது பிறருக்காக வீட்டில் உழைப்பவர்களைப் பற்றியது. சொந்த அச்சுக்கு உழைக்கும் என் மாணவி அதிலும் வரமாட்டாள்.

அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் வந்துவிட்டால் அது அகம் ஆகாது. வகுப்பில் இதைப் பாடம் நடத்தும்போது அந்த மரபின் மென்மையை வியந்திருக்கிறேன். காதல் யாருடையதாகவும் இருக்கலாம் என்ற பொதுமையை அது தருகிறது. 85ஆம் பிரிவின் விலக்கைப் படித்தபோது அதே மரபின் இன்னொரு முகம் தெரிந்தது. அகம் என்றால் வீடு. வீட்டுக்குள் உழைப்பவருக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. "குடும்பத்தார்" என்ற ஒரே சொல்லுக்குள் மனைவி, மாமியார், மகள் அனைவரும் பெயரற்றுப் போகிறார்கள். குடும்பத்துக்குள் அன்பு இருக்கும், ஆகவே பாதுகாப்பும் இருக்கும் என்று சட்டம் நம்புகிறது. அன்பு ஸ்டைரீனை வடிகட்டாது.

இதையெல்லாம் சொல்லி, "பார், பெண்ணே, வீட்டில் செய்யாதே" என்று முடித்துவிடலாம். அப்படி முடிப்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. பெண்கள் பெரியதாக எதையும் செய்யக் கூடாது என்பதற்கு அக்கறை எப்போதுமே நல்ல காரணமாக இருந்திருக்கிறது. ஜூடி சிகாகோ 1960களில் அமெரிக்காவில், ஆண்கள் நிறைந்த கார் பாடி பட்டறைப் பள்ளியில் சேர்ந்து ஸ்ப்ரே பெயின்டிங் கற்றுக்கொண்டார். பிரெஞ்சு அமெரிக்கக் கலைஞர் நிக்கி த சான் ஃபால், 1965 முதல் 'நானா' என்ற பருத்த, வண்ணமயமான, ஆடும் பெண்ணுருவங்களைச் செய்தார். 1966இல் ஸ்டாக்ஹோம் நவீனக் கலைக்கூடத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து அவர் படுக்க வைத்த மாபெரும் பெண்ணுருவத்துக்குள், பார்வையாளர்கள் அதன் யோனி வழியாக நுழைந்தார்கள். பெண் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு அது ஒரு பதில். அந்த உருவங்களுக்காக அவர் பாலியெஸ்டரோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். அந்த ஆவி அவர் நுரையீரலைக் கெடுத்தது. வாழ்நாள் முழுக்க மூச்சுத் தொல்லையோடு இருந்து 2002இல் இறந்தார்.

அவரைத் தியாகி ஆக்கிவிடுவது சுலபம். அவர் பின்னால் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இத்தாலியின் டஸ்கனியில் தன் வாழ்வின் மிகப் பெரிய படைப்பான தாரோ தோட்டத்தை அவர் எழுப்பியபோது, பெரிய உருவங்களை இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் கொண்டு கட்டினார். 1998இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே 'பேரரசி' என்ற சிலைக்குள் அவர் பல ஆண்டுகள் குடியிருந்தார். ஒரு முலைக்குள் படுக்கையறை, இன்னொன்றில் சமையலறை. வீட்டுக்குள் சிலை செய்வதற்குப் பதில் சிலைக்குள் வீடு வைத்தார். அளவை அவர் குறைக்கவில்லை, பொருளை மாற்றினார். மூச்சா பெருமையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்கு அவர் கட்டுப்படவில்லை.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு மாணவிக்குப் பதில் சொன்னேன். "அச்சு செய்யறது சரிம்மா. அந்த முன்கூடத்துல ரெசின் வைக்கறது சரியில்ல. ஆனா உனக்கு வேற இடம் கொடுக்காதவங்ககிட்டதான் அந்தத் தப்புல பெரும் பங்கு இருக்கு." வாடகை, ஊர்க்கண், சட்டத்தின் விலக்கு என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பெரும் பங்கு அவங்களோடதுதான் மேம். ஆனா புள்ள இழுக்கற மூச்சுல பங்கு பிரிக்க முடியாதே. முழுசாத்தான உள்ள போகுது."

சமூக அமைப்பைக் குற்றம் சாட்டத் தெரிந்த நமக்கு அவள் வாக்கியம் கொஞ்சம் கடினமானது. பொறுப்பைப் பங்கிடலாம், பங்கிடத்தான் வேண்டும். பெண்ணின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றும் உலகத்தில் அது அரசியல் கடமை. ஆனால் பொறுப்பைச் சரியாகப் பங்கிட்டுவிட்டதால் அறையின் காற்று சுத்தமாவதில்லை. காரணம் யார் என்பது ஒரு கேள்வி. இன்று இரவு இந்த அறையில் யார் மூச்சு விடப்போகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு நியாயமான பதில் கிடைக்கும்வரை இரண்டாவது காத்திருக்காது.

ஆகவே எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. சம்மதம் போதாது. மாமியார் "பரவால்ல, செய்யி" என்றுதான் சொன்னார். எழுந்து வேறிடம் போக முடியாதவர் சொல்லும் பரவாயில்லைக்கு என்ன எடை? செய்பவள் தன் நுரையீரலைப் பணயம் வைக்கலாமா என்பதைப் பற்றிக்கூட வாதிடலாம். அவள் அறிந்து செய்கிறாள், அச்சு அவளுடையதாகப்போகிறது. ஆனால் ஓர் இடத்திலிருந்து வெளியேற முடியாதவர் இருக்கும்வரை அந்த இடத்தின் காற்று செய்பவளுக்கு மட்டும் சொந்தமில்லை. பெரிய தொழிற்சாலை எழும்பும்போது கரையோர ஊர்களின் சார்பில் நாம் கேட்கும் நியாயம் இதுதான். அதை நம் வீட்டு முன்கூடத்திலும் கேட்டாக வேண்டும். வீடு புனிதம் என்பதால் அல்ல. வீட்டில்தான் வெளியேற முடியாதவர்கள் அதிகம்.

அவள் கண்டுபிடித்த வழி என்னுடையதைவிட நுட்பமானது. வேலையை இரண்டாகப் பிரித்தாள். மனிதரோடு ஒரே கூரையில் இருக்கக்கூடிய வேலை, இருக்கக் கூடாத வேலை. களிமண் மாதிரி வீட்டில். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதே மண்ணில் தானும் ஏதோ உருட்டுகிறது. அய்யனார் குதிரைகள் செய்யும் வேளார் வீட்டு முற்றங்களில் பிள்ளைகள் இப்படித்தான் வளர்ந்தார்கள். ரெசினும் மேட்டும் கிரைண்டரும் வெளியே. மூடிக்கிடக்கும் அரிசி ஆலை ஒன்றின் நெற்களத்தை நாள் வாடகைக்குப் பேசியிருக்கிறாள். நான்கு பக்கமும் திறந்தவெளி. பகலில் மட்டும் வேலை. ஆவிக்கான கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வாங்கியிருக்கிறாள். யானையை ஒரே உருவாக இல்லாமல் நான்கு பாகமாகச் செய்து குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போகிறாள். யானையைக் குட்டி யானையில் ஏற்றுவதைப் பற்றி அவளே சிரித்துக்கொள்கிறாள். வழியில் ஒருமுறை மண் காது உடைந்து மூன்று நாள் வேலை வீணானது. மழைக்காலத்தில் களம் கிடைத்தும் பயனில்லை.

இந்த வழிக்கு ஒரு விலை இருக்கிறது. வண்டி வாடகை, களத்து வாடகை, மழையில் போன நாட்கள், மாஸ்க்கின் கேட்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து அவள் யானையின் விலை ஏறியிருக்கிறது. மூடிய அறையில் ரெசின் பூசி, பக்கத்து அறையில் பிள்ளையைத் தூங்கவைப்பவர்களின் யானை அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. மண்டபக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பளபளப்பு, ஒரே தங்க நெற்றிப்பட்டம். மலிவானதை எடுத்துக்கொள்கிறார்.

பெண்கள் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் உள்ள பொதுப் பணிக்கூடம் ஒவ்வொரு ஊரிலும் வேண்டும் என்று நான் இங்கே எழுதுகிறேன், எழுதத்தான் வேண்டும். சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் அரசு ஒரு கூரையையும் கொடுக்கலாம். அது வரும்வரை, மலிவான யானைக்கும் அவள் யானைக்கும் இடையிலுள்ள சில ஆயிரம் ரூபாயை யாரோ ஒருவர் தங்கள் மூச்சால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த யானைகளுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நின்று நாம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.